கூய் அக்காவின் சிவப்பு மோதிரம்

மோதிரம் சிவந்தால்தான் ஆம்புலன்ஸ் வரும். காய்ச்சலில் மூச்சுத் திணறிக் கிடந்த தனபாலனின் மோதிரம் காலையிலிருந்து பச்சையாகவே இருந்தது. உடம்பில் பிராணவாயு குறைவதைக் கண்டுசொல்ல அரசாங்கம் கொடுத்த மோதிரம் அது. கறுத்த விரல்களில் மட்டும் நிலைமையைக் கொஞ்சம் நல்லதாகவே காட்டும். மலேசியாவின் பட்டர்வொர்த் நகரில் அந்த அடுக்குமாடியில் எல்லாருக்கும் இது தெரியும்.

பக்கத்து வீட்டு கூய் அக்காவுக்கும் அதே காய்ச்சல். சீனர் என்றாலும் ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழில்தான் திட்டுவார். மதியம் அவருடைய மோதிரம் சிவந்தது, வண்டி வந்தது.

"என்னை விடு தம்பி. அவரை ஏத்து." கூய் அக்கா, வாசலில் சாய்ந்து கிடந்த தனபாலனைக் கைகாட்டினார்.

ஊழியன் குணசீலன் தயங்கினான். "அவருக்குப் பச்சைதானே அக்கா?"

"நான் நின்னுக்கிட்டு உன்கூட சண்டை போடுறேன். அவரால பெண்டாட்டி பேரைக்கூட முழுசா சொல்ல முடியல. யாருக்கு முடியலன்னு நீயே பாரு."

தனபாலனின் மனைவி சரோஜினி பதறினாள். "வேணாங்க்கா, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"என் மோதிரம் சிவப்பாவேதான் இருக்கும், இன்னொரு வண்டி வந்துடும். இவருக்கு நீ எத்தனை சாமியைக் கும்பிட்டாலும் வராது."

குணசீலன் தன் விரலைப் பார்த்தான். தனபாலனின் விரலைப் போலவே கறுப்பு. பிறகு குனிந்து அவரைத் தூக்கினான்.

"துணைக்கு நீங்களும் ஏறுங்கம்மா."

சரோஜினி கணவனின் நெற்றியில் திருநீறு பூசினாள். ஆனால் ஏறவில்லை. படிக்கட்டில் இருமிக்கொண்டிருந்த கூய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வண்டி வரும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தாள்.