கூர்மதி ஒலிப்பாடம்

மனிதன் தன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் உபயோகிக்கிறான் என்று ஒரு நம்பிக்கை உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. இது முழுப் பிழை. எல்லோரும் முழு மூளையையும்தான் உபயோகிக்கிறார்கள். சிலர் விஷயத்தில் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆடிட்டர் ராமசுப்ரமணியனுக்கு இது தெரியாது. தன் ஆபீசில் வேலை பார்க்கும் சுஜாவும் மகேஷ்குமாரும் அந்தப் பத்தைக்கூடத் தொடுவதில்லை என்பது அவர் தீர்மானம்.

"ஒண்ணு கேட்டா ஒழுங்கா பதில் வர்றதில்லை. ரெண்டும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கறதுகள்" என்றார் மனைவி பாகீரதியிடம். "யோசனை தெளிவா இருந்தாத்தானே பேச்சு தெளிவா வரும்? மார்ச்சோட ஆபீசை மூடிடலாம்னு பார்க்கறேன்."

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வாடகை அறையில் ஒற்றை மேஜையோடு அவர் தொடங்கிய ஆபீஸ். 'மூடிடலாம்' என்றபோது அவர் சாதத்தைப் பிசைந்த கை நின்றது.

"நீங்க வீட்ல உக்காந்து என்ன பண்ணுவேள்?" என்றாள் பாகீரதி.

 அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கடைசி முயற்சியாக 'கூர்மதி' என்ற ஒலிப்பாடத்தைச் சந்தா கட்டி வாங்கினார். சிந்தனையைக் கூர்மையாக்கும், கற்பதைச் சுலபமாக்கும் என்று விளம்பரம் சொன்னது. வீட்டில் ஒரு பாடத்தைப் போட்டுப் பார்த்தார்.

"உங்கள் மூளை ஒரு தோட்டம்" என்றது ஒரு பெண் குரல்.

"சத்தத்தைக் குறையுங்கோ! இப்படி வெச்சா தெருவுல இருக்கற மூளையெல்லாம் தோட்டமாயிடும்!" என்றாள் பாகீரதி அடுக்களையிலிருந்து.

மறுநாள் ஆபீசில் இரண்டு புது இயர்போன்களை மேஜைமேல் வைத்தார்.

"கம்ப்யூட்டர்ல பாடம் ஏத்தியாச்சு. வேலை பார்த்துண்டே ஒரு காதால கேளுங்கோ. மார்ச்சுக்குள்ள மாற்றம் தெரியணும். இல்லேன்னா மூடறதுதான்."

மகேஷ்குமார் சுஜாவைப் பார்த்தான். போன மாதம் ஒரு நாள் அவன் கொஞ்சம் உரக்கப் பதில் சொல்லிவிட்டு, "எதுக்குடா கத்தறே? இது ஆபீசா, சாலைக் கம்போளச் சந்தையா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன். அன்று முழுவதும் சார் யாரோடும் பேசவில்லை. மதியச் சாப்பாட்டையும் தொடவில்லை.

சுஜா ஒயரை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"சார்!" என்றாள். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. "காதுல இது இருந்தா குரல் தன்னால உசந்துபோகுது! தப்பா எடுக்காதீங்க, கேட்டீங்களா!"

"பரவாயில்லை. பாடம் காதுல விழுந்தா சரி."

பாடம் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் மாற்றம் தெரிந்தது.

"ஆரியசாலை பருப்புக் கடை கணக்கு முடிஞ்சு, சாரே! நீங்க கடைசிப் பக்கத்துல ஒப்பு போட்டா போதும்!"

"நேத்து வந்த நோட்டீசுக்குப் பதில் அனுப்பியாச்சு, சார்!"

ஒவ்வொரு சொல்லும் உடைத்த தேங்காய்போலத் தெளிவாக வந்தது. எதையும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. ராமசுப்ரமணியன் வீட்டுக்குப் போய் அறிவித்தார்:

"மூடலை, பாகீரதி. பசங்க புத்தி பளிச்சுனு ஆயிடுத்து. அந்தக் கூர்மதிக்காராளை நேர்ல பார்த்தா கையைப் பிடிச்சுண்டு நன்றி சொல்லணும்."

இவ்வளவு பெரிய அற்புதத்தைச் செய்த பாடம் எது என்று அறியும் ஆசை அவருக்கு வந்தது. சனிக்கிழமை மதியம் இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சுஜாவின் மேஜையிலிருந்த இயர்போனை எடுத்துக் காதில் வைத்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் அழுத்தினார். அப்போதும் இல்லை.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது கம்ப்யூட்டரின் பின்பக்கம் வரை போய், அங்கே சும்மா கிடந்தது. முனையில், கடையில் வரும்போது போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமலே இருந்தது.

மகேஷ்குமாரின் ஒயரையும் பார்த்தார். அதிலும் உறை.

ராமசுப்ரமணியன் சுஜாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். காதில் ஒயரோடு கத்தினால் குற்றம் ஒயருடையது. ஒயர் இல்லாமல் கத்தினால் அது வேறு ஒருவருடைய குறையாகிவிடும். அந்த ஒருவர் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

அவர்கள் படியேறி வந்த செருப்புச் சத்தம் அவர் காதில் விழவில்லை. கதவு அசைந்ததைப் பார்த்துத்தான் அவசரமாக எழுந்தார்.

"இன்னிக்கு என்ன பாடம்மா?" என்றார்.

சுஜா ஓடிப்போய் ஒயரைக் காதில் செருகிக்கொண்டாள்.

"அடுத்தவங்க மனசறிஞ்சு நடந்துக்கறது எப்படின்னு, சார்!"

"நல்ல பாடம்" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப நல்லா படிச்சிருக்கேள், ரெண்டு பேரும். நான் கடமைப்பட்டிருக்கேன்."

"யாருக்கு, சாரே!"

"கூர்மதிக்குத்தான்டா."

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனார். "காது டாக்டர் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார். பாகீரதி காரணம் கேட்கவில்லை. ஆட்டோ கூப்பிட்டாள்.

அடுத்த வாரம் ஆபீசுக்கு வந்தவரின் வலது காதில் சின்னதாக ஒன்று இருந்தது.

"நானும் பாடம் ஆரம்பிச்சுட்டேன்" என்றார்.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தார்கள்.

"நல்லது, சார்" என்றாள் சுஜா, சாதாரணக் குரலில்.

"ம்" என்றார் அவர்.

மதியம் டீ குடிக்கக் கீழே போன மகேஷ்குமார், இயர்போன் வந்த நாளிலிருந்து தினமும் வாங்கிக்கொண்டிருந்த தொண்டைவலி மிட்டாயை அன்று வாங்கவில்லை.