தட்டு மாற்றும்வரை

சம்மணம் போட்ட கால்களைப் பெண்ணின் அப்பா இன்னும் இறுக்கிக்கொண்டார்.

எதிரே சம்பந்தி. நடுவே தேங்காய், பழம், பட்டுப்புடவை வைத்த தட்டுகள். ஐயர் நிச்சயப் பத்திரிகை வாசிக்கிறார்.

தட்டு மாற்றும்வரை இருவரும் எழக்கூடாது. எழுந்தால் அபசகுனம்.

ஐயருக்கு அவசரமே இல்லை. இந்த வேகத்தில் போனால் பேரன் காதுகுத்துக்குத்தான் முடியும்.

சம்பந்தி போட்டது ஒரே நிபந்தனை. "பொண்ணு வீட்டுல குடிக்கிறவங்க இருந்தா நமக்குச் சரிப்படாதுங்க."

இவருக்கோ நிச்சயம் கூடிவந்த சந்தோஷம் தாங்கவில்லை. மண்டபத்து ஜெனரேட்டர் ரூமில் கொஞ்சம் பிராந்தி. கொஞ்சம்தான். பிறகு ஒரு பிடி சோம்பு, கிராம்பு, ஒரு மரத்தையே மொட்டையடித்துக் கொய்யா இலை.

வாடை போயே போய்விட்டது.

ஆனால் மகள் வான்மதி கல்லூரியில் உடலியல் நடத்துகிறவள். காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"வாயை மறைச்சுடலாம்ப்பா. கிட்னியை மறைக்க முடியாது."

மூளையிலிருந்து வாசோபிரெசின் என்றொரு தூதன் கிளம்புவானாம். 'தண்ணியைப் பிடிச்சு வை' என்று சிறுநீரகத்துக்குச் சொல்வானாம். சாராயம் உள்ளே வந்தால் அவன் வாசல்படியே தாண்டமாட்டானாம்.

தாண்டவில்லை.

அடிவயிற்றுக்குள் மேட்டூர் அணையின் பதினாறு கண் மதகும் ஒரேயடியாகத் திறந்துகொண்டது.

மகளைப் பார்த்தார். இந்தப் பையனுக்காக, வந்த வரனையெல்லாம் தட்டிவிட்டவள். இப்போது எழுந்தால் எல்லாம் போச்சு.

பல்லைக் கடித்தார்.

எதிரே சம்பந்தி கால் கட்டைவிரலை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கோபம்தான். கண்டுபிடித்துவிட்டார், சந்தேகமே இல்லை.

ஒருவழியாகத் தட்டு கைமாறியது.

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்குள் இவர் ஓடினார். கழிவறை வாசலில் யாரோ மேலே வந்து மோதினார்கள்.

சம்பந்தி.

"எனக்குச் சுகருங்க சம்பந்தி" என்றார் இவர்.

"எனக்குந்தானுங்க!"

சம்பந்தி வாயில் கிராம்பு மணத்தது.

பந்தியில் இரண்டு சர்க்கரை நோயாளிகளும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு இரண்டாவது ஜாங்கிரி.

வான்மதி வந்தாள். கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்.

ஒன்றை அப்பாவின் இலையருகே வைத்தாள்.

இன்னொன்றை மாமனாரின் இலையருகே.

"முழுசாக் குடிச்சிருங்க மாமா. காலையில தலைவலிக்காது."

சம்பந்தியின் ஜாங்கிரி வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றது.