ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஸ்கோப்

“பெரிசாக் காட்டினா நல்லதுதானே? இன்னும் என்ன யோசிக்கிறியள்?”

“பெரிசாக் காட்டினா மட்டும் காணாது, இராசேஸ்வரி. பத்தைக்குள்ளை நிக்கிறது என்னெண்டு காட்டோணும்.”

துவக்கின் மேல் பூட்டும் மூன்றாவது ஸ்கோப்பையும் கோபாலசிங்கம் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். இத்தாலியத் துறைமுக நகரத்தின் போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தத் துவக்குக் கடையில் அவர்கள் இருவரையும் கடைக்காரரையும் தவிர வேறு யாரும் இல்லை. கணவனும் மனைவியும் வேலை முடிந்து நேராக அங்கே வந்திருந்தார்கள்.

“எந்தத் தூரத்தில் சுடுவீர்கள்?” என்று கடைக்காரர் இத்தாலிய மொழியில் கேட்டார்.

“நூறு மீற்றர். மிஞ்சினா நூற்றைம்பது. பகேரியாவுக்கு அங்காலை மலையடி, ஒரே பத்தைக்காடு.”

“அப்படியானால் இதுவே போதும். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை காட்டும். பன்றி, முயல் எல்லாவற்றுக்கும் ஊரே இதைத்தான் வாங்குகிறது.”

இராசேஸ்வரி விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது ஜெனனிக்குக் கம்ப்யூட்டர் வாங்க வைச்ச காசப்பா.”

“அவளுக்கு முதல்லை அப்பன் வீட்டிலை இருக்கோணும்.”

“அப்ப போகாமல் விடுங்கோவன். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணைக்கு நடந்தது காணாதே?”

கோபாலசிங்கம் ஸ்கோப்பின் கண்ணாடியைச் சேட்டு நுனியால் துடைத்தார். போன வருடம் பன்றி என்று நினைத்து வைத்த வெடி, அவருடைய கூட்டாளி ஸ்ரனிஸ்லாசின் இடது காலைக் கொண்டுபோய்விட்டது. அந்த வெடி கேட்டபோது கோபாலசிங்கமும் அதே பற்றைக்காட்டில்தான் நின்றார். துவக்கு தவறி விழுந்து வெடித்ததாகப் பொலிசிடம் எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். ஸ்ரனிஸ்லாஸ் இப்போது நகரத்தின் ஒரேத்தோப் பகுதியில் ஓர் அறைக்குள் கிடக்கிறான்.

“வேலை தாற சிஞ்ஞோர் கூப்பிட்டா மாட்டனெண்டு சொல்லேலுமே?” என்றார் கடைசியில். “இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க அவரிட்டைத்தானே வேலைக் கடிதம் வாங்கோணும்? ஞாயிறு வேட்டை. போகத்தான் வேணும். ஆனா இன்னொருக்கா அப்பிடி நடக்கக்கூடாது.”

பிறகு அவர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். ஸ்கோப்பை மனைவியின் கையில் கொடுத்து, அவளைக் கடை வாசலில் நிறுத்தினார். தெருவைக் கடந்துபோய், எதிர்ச்சுவரோரம் அடர்ந்து நின்ற அலரிச் செடிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டார்.

“என்னைத் தெரியுதோ?”

“இலைதான் தெரியுது! ஒரு இலையே உள்ளங்கையளவிலை நிக்குது.”

“நான்?”

“ஏதோ மண்ணிறமா அசையுது. ஆளோ நாயோ தெரியேல்லை.”

ஸ்கூட்டரில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்து, பூனையைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான். கடைக்காரர் தலையை ஆட்டியபடி உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார்.

“இது ஒரு மடங்கிலிருந்து ஆறுவரை. மடங்கைக் குறைத்தால் சுற்றுப்புறமும் சேர்ந்து தெரியும். மங்கல் வெளிச்சத்திலும் தெளிவு. ஆனால் விலை இன்னும் கூட.”

இராசேஸ்வரி அதைக் கண்ணில் வைத்தாள். வளையத்தை மடங்கு குறையத் திருப்பினாள்.

“இப்ப?” என்று செடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஓம். நீங்கள்தான். வடிவாத் தெரியுது.” அவள் ஸ்கோப்பைச் சற்றுக் கீழே இறக்கினாள். “சேட்டுப் பொத்தான் ஒண்டு கழண்டு கிடக்கு, பூட்டுங்கோ.”

கோபாலசிங்கம் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். விலை பேசாமல் அதையே வாங்கினார்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பெட்டி சிஞ்ஞோரின் வீட்டு மேசையில் இருந்தது. கோபாலசிங்கம் அங்கே பத்து வருடங்களாகச் சமையலும் துப்புரவும் பார்க்கிறார். எழுபது கடந்த சிஞ்ஞோர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

“எனக்கா? பரிசா?”

“ஓம் சிஞ்ஞோர். உங்களுக்குத்தான்.”

சிஞ்ஞோர் அலுமாரியிலிருந்து தன் துவக்கை எடுத்து, நடுங்கும் விரல்களால் ஸ்கோப்பைப் பூட்டினார். ஜன்னலோரம் போய்த் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைப் பார்த்தார். கடற்பறவை ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

“அற்புதம்! அன்றைக்கு இது என்னிடம் இருந்திருந்தால் அந்தப் பாவம் ஸ்ரனிஸ்லாசை நான் சுட்டிருக்க மாட்டேன்.”

கண்ணை எடுக்காமலே அவர் அறைப்பக்கம் திரும்பினார். குழலும் கூடவே திரும்பியது. கோபாலசிங்கம் ஓரடி விலகி நின்றார்.

“இனி எந்தப் பன்றியும் தப்பாது” என்றார் சிஞ்ஞோர்.

கோபாலசிங்கம் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மெல்லச் சொன்னார்:

“ஞாயிறு பத்தைக்குள்ளை இறங்கிப் பண்டி கலைக்கிறது நான்தான், சிஞ்ஞோர். சுடமுன்னம், அது நானோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”