இழுப்பறையில் இருந்த துப்பாக்கி

வெர்லின் துப்பாக்கியைக் கொண்டுவந்து சோள ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“இத இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் சைக்கிள எடுக்கணும். இல்லன்னா பேசாம என் வண்டியில ஏறுங்க அண்ணி.”

வெர்லின் என் கணவர் டாய்லுக்குத் தம்பி. பிடித்தால் உடும்புப் பிடி.

இன்று கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறு. கென்டக்கி மலையில் எங்கள் ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடிப் புல் வெட்டி, பூ வைத்து, அங்கேயே விரித்து உட்கார்ந்து சாப்பிடும். போன வருஷம் நானும் டாய்லும் சைக்கிளில் போனோம். இந்த வருஷம் பூ அவருக்கு. அதனால் சைக்கிளில்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன்.

வழியில், இறக்கத்தில், ஸ்டாம்பர் வீடு. அந்த மனிதன் நாய்களைக் கட்டிப்போட மாட்டான். சைக்கிளைக் கண்டால் அவை காலைக் குறிவைத்து வரும். ஆறு மாதத்துக்கு முன் டாய்ல் விழுந்தது அங்கேதான். தலை பாறையில் மோதிவிட்டது.

அதிலிருந்து ஆளுக்கொரு யோசனை. “கர்த்தர் காப்பாத்துவாரும்மா, ஆனாலும் ஒண்ணு கையில வச்சிக்க” என்று போதகரே சொன்னார்.

“அண்ணன் அன்னைக்கு இத எடுத்துட்டுப் போயிருந்தா, இன்னைக்கு இங்க உக்காந்து என்னை நக்கல் பண்ணிட்டு இருந்திருக்கும்,” என்றான் வெர்லின். “பொறந்த நாளுக்குன்னு ஆசையா வாங்கிக் குடுத்தேன். இழுப்பறையில போட்டுட்டுப் போயிருக்கு பாருங்க, வீம்பு புடிச்ச மனுசன்!”

எங்கள் பக்கம் பிறந்த நாளுக்குத் துப்பாக்கி கொடுப்பது சட்டை எடுத்துக் கொடுப்பது மாதிரி. வாங்கியவர் தொடவில்லை என்றால் கொடுத்தவருக்கு மனம் ஆறாது.

நான் அதைக் கையில் எடுத்தேன். நல்ல கனம். அந்த நாய்களை நினைத்து எனக்குப் பயமில்லை என்றால் பச்சைப் பொய்.

துப்பாக்கியை அவன் பக்கம் தள்ளினேன்.

“வேணாம் வெர்லின். நாய் வந்தா எறங்கி, சைக்கிளக் குறுக்க புடிச்சிக்கிட்டு நடந்தே போயிடுவேன்.”

“உங்களுக்கும் அதே வீம்பு! அதே மாதிரிதான் சாகப் போறீங்க!”

கதவை அறைந்துவிட்டு வெளியே போனான். வண்டியில் சாய்ந்து நின்று அழுதது ஜன்னல் வழியே தெரிந்தது. பாவி, எனக்கும் அழுகை வந்தது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதன்பிறகு துப்பாக்கி என்ற பேச்சையே எடுக்க மாட்டான். சொல்ல மாட்டேன். அண்ணன்மேல் கோபமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். செத்தவருக்கு அது வலிக்காது. இவன் இன்னும் எத்தனையோ வருஷம் வாழ வேண்டியவன்.

அன்று டாய்லுக்குப் பின்னாலேயே நான் வந்துகொண்டிருந்தேன். நாய்கள் பாய்ந்ததும், அந்த இறக்கத்தில், ஹேண்டில்பாரிலிருந்து வலது கையை எடுத்து இடுப்பில் துழாவினார். முன் சக்கரம் திரும்பிவிட்டது.

ஆட்கள் ஓடிவருவதற்குள், புல்லில் கிடந்த துப்பாக்கியை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். இழுப்பறையில் கொண்டுவந்து வைத்தது நான்தான்.