குறுக்கே நிற்கும் கார்

"இன்னைக்கும் எடுக்கலை பாரு! மழை பெஞ்ச நாள்லேர்ந்து அந்தக் கார் அசையவேயில்லை!"

ஜன்னல் வழியே கீழே பார்த்துப் பொருமினான் அவன். அந்த அடுக்குமாடியில் அவனுக்குப் பட்டப்பெயர் 'அப்டேட்'. போனோ, வாட்சோ, காரோ, எது புதுசாக வந்தாலும் முதல் ஆளாக வாங்கிவிடுவான். வாங்கியதோடு விடமாட்டான், கிடைத்தவரை நிறுத்தி வைத்து வகுப்பும் எடுப்பான்.

அவனுடைய பேட்டரி கார் கீழே ஓரமாக நின்றது. சார்ஜ் போடும் கம்பத்தை மறைத்துக்கொண்டு நின்றதோ பல் டாக்டரம்மாவின் பழைய பெட்ரோல் கார்.

"பெட்ரோல் காருக்கு அங்க என்ன வேலை? வைக்கோல் போர் நாய் மாதிரி, தானும் தின்னாம, மாட்டையும் தின்ன விடாம!"

"நேர்ல போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"இதையெல்லாமா கேக்கணும்? படிச்சவங்களுக்கே தெரிய வேண்டாம்? அந்தம்மா பஸ்ல போறாங்க, கார் இங்க காவல் காக்குது. அந்தக் கம்பம் நான் நாயா அலைஞ்சு வாங்கி நட்டது. மெயின் ஸ்விட்ச் பெட்டிச் சாவியே எங்கிட்டதான் இருக்கு."

உட்கார்ந்தான். எழுந்தான். போனில் கார் ஆப்பைத் திறந்தான். சார்ஜ் சிவப்புக் கோட்டில் கிடந்தது. மூடினான். மறுபடி திறந்தான். அதே சிவப்பு.

காருக்குப் புது சாப்ட்வேர் வந்திருந்தது. கார் தானே இடம் பார்த்துத் தானே நிற்குமாம். ஆனால் பேட்டரி பாதிக்கு மேல் இருந்தால்தான் அது காரில் இறங்கும். ஆபீஸ் பக்கத்தில் போடும் சார்ஜ் போய்வரவே சரியாகிவிடுகிறது. போன வாரம் கார் வாங்கியவன்கூட வீடியோ போட்டுவிட்டான். இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

'நான் எப்படித் தூங்கினேன்னு வாட்ச் சொல்லுது. பால் தீரப்போகுதுன்னு ஃபிரிட்ஜ் சொல்லுது. ஒரு ஓட்டை பெட்ரோல் காரை நகர்த்த மட்டும் எவனும் ஒரு ஆப் கண்டுபிடிக்கலையே!'

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, அந்த டாக்டர் ஆன்ட்டி எங்களை அவங்க கார் நிக்கிற இடத்துல விளையாடவே விட மாட்டேங்குறாங்க. கிட்டப் போனாலே துரத்துறாங்க!"

அவ்வளவுதான். ஜன்னலிலிருந்தே ஒரு போட்டோ எடுத்தான். குடியிருப்போர் குரூப்பில் போட்டான். 'பொது இடத்தைப் பட்டா போட்டுக்கொண்டவர்களின் கவனத்துக்கு!'

டாக்டரம்மா அந்தக் குரூப்பில் இல்லை. என்றைக்கோ விலகிவிட்டார். மற்றவர்கள் விடுவார்களா? கைதட்டல்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

அந்தச் சூட்டோடு சார்ஜ் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான்.

கம்பத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது. கையை நுழைத்தால் எட்டிவிடும். நுழைத்தான்.

"தொடாதீங்க!"

கீழ்த்தள கிளினிக்கிலிருந்து கையுறையும் முகமூடியுமாக ஓடிவந்தார் டாக்டரம்மா. உள்ளே நாற்காலியில் ஒருவர் திறந்த வாயை மூடாமலே எட்டிப் பார்த்தார்.

"ஏன் தொடக்கூடாது? இது உங்க வீட்டுக் கம்பமா?"

டாக்டரம்மா அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

"கம்பத்துல ஷாக் அடிக்குது சார்! மழைத்தண்ணி உள்ள போயிருக்கு."

"சும்மா கதை விடாதீங்க."

பாக்கெட்டில் எப்போதும் வைத்திருக்கும், கரண்ட் பார்க்கும் டிஜிட்டல் டெஸ்டரை எடுத்தான். இவர் சொல்வதைப் பொய்யாக்கிவிட்டு அதையும் குரூப்பில் போட வேண்டும். கம்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

தொடவே இல்லை. அதற்குள் டெஸ்டர் 'கீச் கீச்' என்று கத்தியது. சிவப்பாக மின்னியது.

அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"கண்ணாமூச்சி ஆடுறப்ப பசங்க இந்தக் கம்பத்துல நெத்தியைச் சாய்ச்சுக்கிட்டுதான் எண்ணுவாங்க" என்றார் டாக்டரம்மா, மூச்சு வாங்க. "உங்க பொண்ணும்தான். ஸ்விட்ச் பெட்டியைத் திறக்கச் சாவி இல்லை. துரத்திவிட்டா அஞ்சு நிமிஷத்துல திரும்ப வந்துடுதுங்க. அதான் காரை மறைச்சுப் போட்டேன். எடுத்துட்டுப் போனா இடம் காலியாயிடுமேன்னு நானும் பஸ்லதான் போறேன்."

அவன் ஓடினான். பெட்டியின் பூட்டுக்குள் சாவி நுழைய மறுத்தது. ஒருவழியாகத் திறந்து மெயினை இறக்கினான். திரும்பி வந்தபோது போன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. 'சபாஷ் சார்!' 'நறுக்குனு கேட்டீங்க!'

போட்டோவை அழித்தான். தலை நிமிரவில்லை.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். ஆனா, சாவி எங்கிட்டதானே இருக்கு? முதல் நாளே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

டாக்டரம்மா அவனை விநோதமாகப் பார்த்தார்.

"சொன்னேனே! லிஃப்ட்ல ஒண்ணாப் போனோமே, கீழேர்ந்து உங்க மாடி வர்ற வரைக்கும் இதைத்தானே சொன்னேன்? நீங்களும் தலையாட்டி, கட்டைவிரலைக்கூடத் தூக்கிக் காட்டினீங்களே!"

"நானா?"

"ஆமா. ரெண்டு காதுலயும் வெள்ளையா என்னமோ மாட்டியிருந்தீங்க" என்று கிளினிக்கை நோக்கி நடந்தார் அவர். "பாவம், காது நல்லாக் கேக்கணும்னுதான் மாட்டியிருக்கார்னு நெனைச்சுட்டேன்."