நான்காவது வரிசைக்கு வந்த மைக்

ஆராதனை முடிகிற நேரத்தில் பாஸ்டர் வாசற்கதவைச் சாத்தச் சொன்னார். ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த அந்த மாயாஜாலப் படத்தின் பெயரை உச்சரிக்கக்கூட அவருக்குக் கூசியது. "அந்தச் சாத்தான் படத்த நானும் பாக்கல, எம்புள்ளைங்களும் பாக்கலன்னு ஒவ்வொருத்தரா மைக்ல சாட்சி சொல்லுங்க. சொல்லாம யாரும் வெளிய போவக் கூடாது." மைக் கைமாறி வந்தது. முன்னால் பாயில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெற்றோர் கணீரென்று சாட்சி சொன்னார்கள். "எங்க வீட்ல டிவியே கிடையாது பாஸ்டர்" என்றார் ஒருவர். சபையே அல்லேலூயா என்றது. நான்காவது வரிசையில் இருந்த தொர்க்காள் மைக் நெருங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தின் சூனியக்காரிக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் அவள்தான். சபையில் யாருக்கும் அது தெரியாது. படத்தில் சூனியக்காரி ஓரிடத்திலும் கத்துவதில்லை. உயிரை எடுக்குமுன் காதோரம் கிசுகிசுப்பாள், அவ்வளவுதான். பக்கத்திலிருந்த எப்சிபா சாட்சியை முடித்துவிட்டு மைக்கை இவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். தொர்க்காள் பதறிப்போய்க் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "தொண்ட கட்டிருக்கு சிஸ்டர், அடுத்தவங்ககிட்ட குடுத்துடுங்க" என்று எப்சிபாவுக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுத்தாள். மைக் அணைக்கப்படவில்லை. நான்கு மூலை ஸ்பீக்கர்களிலிருந்தும் அந்தக் கிசுகிசுப்பு சபையின் மேல் இறங்கியது. பெரியவர்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பாயில் இருந்த பிள்ளைகள் மட்டும், ஒருவர் பாக்கியில்லாமல், திரும்பிப் பார்த்தார்கள்.