மாவு பிசையும் கை

ரஹீலா சமையல் வீடியோ போடத் தொடங்கியபோது வீட்டில் ஆளுக்கொரு பயம். மாமிக்குக் கண்ணேறு. கணவர் ஹமீதுக்கு, ஊர்பேர் தெரியாதவர்கள் வீட்டு வாசலைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. ரஹீலாவுக்கு அந்த இரண்டும் இல்லை. தன் முகத்தை அந்நியர் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். அதனால் மாவு பிசையும் அவள் கைகள் மட்டும் வீடியோவில் வந்தன. பெயரோ குரலோ கிடையாது.

நாற்பதாவது வீடியோவின் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: "சுண்டுவிரலைத் தூக்கிக்கிட்டு இடது கையால பிசையிறது நம்ம ரஹீலாதானே? நான் குணவதிடி. ஒன்பதாம் வகுப்புல உன் பக்கத்துல உட்கார்ந்தவ."

ரஹீலா போனை ஹமீதிடம் நீட்டினாள். இருபத்திரண்டு வருஷம்!

"எவனோ ஏமாத்துறான். அழிச்சிடு" என்றார் ஹமீது.

"இருங்க, ஒண்ணு கேக்குறேன்." அவள் தட்டினாள்: 'குணவதிக்கு வகுப்பில் என்ன பட்டப்பெயர்?'

மூவரும் போனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். பதில் வந்தது: "உளுந்து! நீ வச்சதுதானேடி, பாவி!"

ரஹீலா வீடே அதிரக் கத்தினாள். குணவதியின் எண் சானலின் மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்தது. ஹமீது சிரித்துக்கொண்டே அறையை விட்டு வெளியே போனார்.

"சீக்கிரம் வீடியோ கால்ல கூப்பிடு புள்ள, நானும் பாக்கணும்" என்று மாமி அவசரப்படுத்தினாள்.

இத்தனை நாள் மாவைப் பார்த்தே நின்ற போனை, ரஹீலா தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.